மேக்னெட் போட்டால் போதுமாம்!

"பேஸுக்கு அடியில் ஒரு மேக்னெட், பெட்டிக்குள் ஒரு தகடு, அவ்வளவுதான் ப்ரோ. தலைகீழாகக் கவிழ்த்தாலும் மினியேச்சர் விழாது."

மேஜைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கென்று பெயின்ட் அடித்து வைத்திருக்கும் குட்டிப் பொம்மைப் படைவீரர்கள்தான் மினியேச்சர்கள்; அவை நிற்கும் அடிப்பீடம்தான் பேஸ். அவற்றை வெளியூர் ஆட்டத்துக்குக் கொண்டுபோக இப்படி யோசனை சொல்கிற எவராவது அந்தப் பெட்டியோடு குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பஸ்ஸில் இறங்கியிருக்கிறாரா? தலைகீழாகக் கவிழ்த்தால் விழாது, வாஸ்தவம். நான் எதற்கய்யா கவிழ்க்கப் போகிறேன்? பர்லியார் வழியில் 14 கொண்டை ஊசி வளைவு. டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்கிற ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் இருப்பது பக்கவாட்டில்தான் தள்ளப்படும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36 வளைவு, அதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

மேக்னெட் விற்கிறவர்கள் 'இத்தனை கிராம் தாங்கும்' என்று போடுகிறார்களே, அது தடிமனான இரும்பிலிருந்து நேராகப் பிடுங்கினால் வரும் கணக்கு. பக்கவாட்டில் வழுக்கிவிட அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விசை போதும். மேக்னெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் பிடிமானம் படுத்தேவிடும். தகட்டின் மேல் அழகுக்கென்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள்! பிளாஸ்டிக் காலாட்படை எப்படியோ சமாளித்துக்கொள்ளும். மெட்டலில் வார்த்த குதிரைவீரன், கையில் உயரமாகக் கொடி பிடித்தவன், இவர்கள்தான் முதலில் சாய்வார்கள். பேஸின் நடுவில் ஒன்று வைப்பதை விட ஓரங்களில் இரண்டு வைத்தால் சாயாமல் நிற்கும் என்று எந்த யோசனைத் திலகமாவது சொன்னதுண்டா?

சரி, தகடு. "வீட்டில் ஸ்டீல் டப்பா இல்லாமலா போகும்" என்பார்கள். இருக்கிறது ஐயா, நிறையவே இருக்கிறது. நம் வீட்டு எவர்சில்வர் முக்கால்வாசி 304 அல்லது 202 ரகம். நிக்கல், மாங்கனீசு எல்லாம் கலந்து காந்தம் ஒட்டாதபடி ஆகிவிட்ட எஃகு. இதில் இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு: பாத்திரத்தை அழுத்தி வளைத்த விளிம்பில் மட்டும் காந்தம் லேசாகப் பிடிக்கும். கடையில் விளிம்பில் வைத்துப் பார்த்துவிட்டு 'ஆஹா' என்று வாங்கி வந்தால், அடிப்பக்கம் கொஞ்சமும் பிடிக்காது. கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "காந்தம் ஒட்டாததுதாங்க ஒரிஜினல் ஸ்டீல், நல்ல சரக்காத்தான் குடுத்திருக்கேன்" என்று பெருமை வேறு. அவர் சொல்வதும் பாதி உண்மைதான், அதுதான் இன்னும் எரிச்சல். இன்டக்‌ஷன் அடுப்புக்கென்று வரும் பாத்திரத்தின் அடியில் ஒட்டும், அதற்காகக் குக்கருக்குள்ளா படையை வைத்துக்கொண்டு போவது? கடைசியில் கை கொடுத்தது பேக்கரியில் வர்க்கி போட்டு வைக்கும் பழைய தகர டின். நெய் வாசம் வருகிற ஆர்க் என்னும் கற்பனை அரக்கர் கூட்டத்தை எதிராளி முன்னால் எடுத்து வைக்கிற மானக்கேடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் பசை. நிக்கல் பூசிய மேக்னெட் வழவழவென்று இருக்கும், உப்புத்தாளில் தேய்க்காமல் ஒட்டினால் பிடிக்காது. மினியேச்சரைத் தூக்கினால் மினியேச்சர் மட்டும் கையோடு வரும். மேக்னெட் தகட்டிலேயே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், பேஸ் அடியில் வட்டமாக ஒரு குழி. சூப்பர் க்ளூ காற்றின் ஈரத்தில்தான் இறுகும் என்பதால் இங்கே சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆனால் மூடுபனி நாளில், மெனக்கெட்டு அடித்த கறுப்புப் பெயின்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டு ட்யூப் எபாக்சிப் பசையைக் கலந்து போடலாமென்றால், அட்டையில் 'ஐந்து நிமிடத்தில் இறுகும்' என்று போட்டிருப்பது டிசம்பர் குளிரைக் கண்டு போட்டதல்ல. பூச்சு ஓரிடத்தில் உரிந்தாலோ துரு. நியோடிமியம் மேக்னெட்டில் பெரும்பகுதி இரும்புதானே, நம் ஊர் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்.

ஃபோம் பெட்டி வாங்கலாமே என்கிறீர்களா? ஈட்டி முனையில் பெயின்ட் உரசிப் போகிறதே என்றுதானே மேக்னெட்டுக்கே வந்தோம்!

இவ்வளவையும் சமாளித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கண்டக்டர் விடமாட்டார். "டின்னைப் பின்னாடி டிக்கியில போடுங்க சார், ஆள் உக்கார எடமில்ல." உள்ளே உடையும் சாமான் என்றேன். "என்ன சார், முட்டையா?" பொம்மை என்று சொல்ல வாய் வரவில்லை. முட்டைதான் என்று சொல்லிவிட்டேன். அதற்குக் கிடைத்த மரியாதை இருக்கிறதே! பக்கத்து சீட்டு அக்கா மேட்டுப்பாளையம் வரைக்கும் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தார்.

கோயம்புத்தூரில் காரில் வந்து இறங்குகிற கனவான்களே, அடுத்த ஆட்டத்தைக் குன்னூரில் வைத்துக்கொள்வோம். உங்கள் டிராகனை மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வாருங்கள். பசையும் உப்புத்தாளும் நான் தருகிறேன்.