அக்கா மகன் கேட்ட 18 இன்ச்

போன ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணத்தில் அக்கா வீட்டில் பெரிய பேச்சு. அவள் மகன் பர்கூர் பக்கம் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான். மாங்காய் விற்ற பணம் கையில் இருக்கும்போதே லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று மாமா முடிவு செய்துவிட்டார். பையன் என்னிடம் போனை நீட்டினான். 18 இன்ச் கேமிங் லேப்டாப்.

"மாமா, நீங்களே அப்பாகிட்ட சொல்லுங்க. நீங்க மட்டும் 17 இன்ச் வச்சிருக்கீங்க இல்ல?"

வேண்டாம் என்று சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நாலு பேர் நடுவில் எனக்கும் விவரமாகச் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். காலேஜ் சேர்க்கை நடக்கும் இந்தச் சமயத்தில் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் இன்னும் பல வீடுகளில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

பெரிய திரை மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. ரொம்பப் பிடிக்கும். 2021-இல் வாங்கினேன், 17.3 இன்ச், உள்ளே ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கிராபிக்ஸ் சிப், அதாவது கேமின் படத்தை வரையும் சிப். அப்போது ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒற்றை அறையில் இருந்தேன். ஒரு கட்டில், ஒரு மடக்கு மேசை, அவ்வளவுதான் இடம். டெஸ்க்டாப், மானிட்டர், யுபிஎஸ் என்று பரப்பி வைக்க வழியில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் ஊர், திங்கள் விடியற்காலை மறுபடி ஓசூர். அந்த வாழ்க்கைக்கு இந்தப் பெட்டி அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது.

சாதாரணமாகக் கிடைக்கும் 15.6 இன்ச்சுக்கும் என் 17.3 இன்ச்சுக்கும் ஒன்றே முக்கால் இன்ச் தானே என்று தோன்றும். அது மூலைக்கு மூலை அளந்த கணக்கு. பரப்பாகப் பார்த்தால் கிட்டத்தட்ட 23 சதவீதம் கூடுதல். இப்போது வரும் 18 இன்ச் மாடல்களில் திரை 16:10 விகிதம் (அகலம் 16 பங்கு என்றால் உயரம் 10 பங்கு, 15.6-இல் 9 பங்குதான்) என்பதால் உயரமும் சேர்ந்து, 15.6-ஐவிட 40 சதவீதம் பெரிதாகிவிடுகிறது. ராத்திரி வேலை முடிந்து அறைக்கு வந்து, விளக்கை அணைத்துவிட்டு ஒரு கார் பந்தயத்தைத் திறந்தால், எதிரே வரும் வளைவு கண் முழுக்க நிறையும். பொங்கலுக்கு ஊரில் பிள்ளைகள் ஐந்தாறு பேர் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கன்ட்ரோலரை மாற்றி மாற்றி ஆடுவார்கள், யாரும் யார் தோளுக்கு மேலேயும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. என் வேலை டூல் டிசைன். அசெம்ப்ளி டிராயிங்கைத் திறந்து வைத்து, பக்கத்திலேயே பார்ட் லிஸ்ட்டையும் வைத்துப் படிக்க முடிகிறது. தனி நம்பர் பேட் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று அளவு தட்டித் தட்டி வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு நன்மை வெளியே தெரியாது. உடம்பு பெரிதாக இருந்தால் உள்ளே பெரிய ஃபேன் வைக்கலாம், சூடு வெளியேற இடம் கிடைக்கும். ஒரே பெயர் உள்ள கிராபிக்ஸ் சிப் எல்லா லேப்டாப்பிலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் அது இழுக்கும் கரண்டை 35 வாட்ஸிலிருந்து 115 வாட்ஸ் வரை எதில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள லேப்டாப் கம்பெனிக்கு வழி இருக்கிறது. மெல்லிசான மாடலில் குறைத்து வைப்பார்கள். தடித்த மாடலில் முழுதாக விடுவார்கள். ஸ்டிக்கரில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். கடையில் யாரும் இதைத் தாமாகச் சொல்வதில்லை, நாம்தான் "எத்தனை வாட்ஸ்?" என்று கேட்க வேண்டும். டெஸ்க்டாப் கார்டின் பெயரை வைத்தும் ஏமாறக் கூடாது. டெஸ்க்டாப் 3060-இல் 12 ஜிபி மெமரி, என் லேப்டாப் 3060-இல் 6 ஜிபி.

இனி கஷ்டத்துக்கு வருகிறேன்.

என்னுடையது 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கடையில் கையில் வாங்கிப் பார்த்தபோது பெரிதாகத் தெரியவில்லை. அதோடு 230 வாட்ஸ் சார்ஜர் வருகிறது, செங்கல் மாதிரி. அதையும் சேர்த்து, மௌஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் போட்டால் பை 5 கிலோவைத் தொடும். 18 இன்ச் என்றால் லேப்டாப் மட்டுமே 3 கிலோவைத் தாண்டும், சில மாடல்கள் 4 கிலோ. சாதாரண லேப்டாப் பையில் நுழையாது. சூளகிரி தாண்டும் வரை நின்றுகொண்டே வரும் நாட்களில் பையைத் தோளில் வைத்திருக்கவும் முடியாது, காலடியில் வைக்கவும் மனம் வராது. நான் வாரத்துக்கு இரண்டு தடவை தூக்குகிறேன். என் அக்கா மகன் தினமும் காவேரிப்பட்டணத்தில் ஏறி, கிருஷ்ணகிரியில் இறங்கி, பர்கூர் பஸ் மாற வேண்டும். வாரத்துக்கு பத்துப் பன்னிரண்டு தடவை. என் முடிவை மாற்றவே முடியாதபடி செய்தது இந்தக் கணக்குத்தான்.

சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமே என்றான். போகலாம். பேட்டரியில் டைப் செய்யலாம், வகுப்புக் குறிப்பு பார்க்கலாம், அதுவும் இரண்டு மூன்று மணி நேரம். கனமான சாஃப்ட்வேர் ஓட்டினாலோ கேம் ஆடினாலோ ஒரு மணி நேரம் தாண்டுவது கஷ்டம், வேகமும் பாதியாக விழுந்துவிடும். அந்தச் சிப்புக்கு வேண்டிய கரண்டை பேட்டரியால் கொடுக்க முடியாது. இன்னும் பெரிய பேட்டரி ஏன் வைப்பதில்லை என்றால், தனி அனுமதி இல்லாமல் விமானத்தில் கொண்டுபோக 100 வாட்-அவர்தான் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) வரம்பு. அதனால் திரை எவ்வளவு வளர்ந்தாலும் பேட்டரி அந்தக் கோட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. 2017-இல் ஏசர் 21 இன்ச் வளைந்த திரையோடு ஒரு லேப்டாப் கொண்டுவந்தது, 8 கிலோவுக்கு மேல். அந்த அளவு பிறகு பரவவே இல்லை.

சார்ஜர் விஷயத்தில் நான் பட்டது தனிக் கதை. வாரண்டி முடிந்து இரண்டாவது மாதம், ஏப்ரலில், சார்ஜரின் முனை கருகிவிட்டது. கிருஷ்ணகிரி ரவுண்டானாவைச் சுற்றி ஐந்து கடை ஏறி இறங்கினேன். "65 வாட்ஸ், 90 வாட்ஸ் இருக்குது சார், 230 வராது" என்றார்கள். ஒரு சர்வீஸ் சென்டரில் முன்பணம் வாங்கிக்கொண்டு மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். கடைசியில் பெங்களூர் எஸ்.பி. ரோடு போய்த்தான் வாங்கினேன். சின்ன லேப்டாப்பாக இருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நம் ஊரில் இருந்துகொண்டு இதை வாங்குபவர்கள் இந்தச் செலவையும் அலைச்சலையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெயிலும் தூசியும் நம் மாவட்டத்துக்கே உரியவை. ஓசூர் குளிரில் முணுமுணுக்கும் அதே ஃபேன், ஏப்ரலில் அக்கா வீட்டு மாடியில் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே வைத்தால் அதே கேமுக்கு மிக்ஸி மாதிரி அலறுகிறது. கிரானைட் பாலிஷ் பட்டறைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நண்பனின் லேப்டாப்பைத் திறந்தோம். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகட்டின் துவாரத்தில் தூசி கம்பளி மாதிரி படிந்து கிடந்தது. மெத்தை மேல் வைத்து ஆடுவது அதைவிட மோசம், காற்று இழுக்கும் வழி அடியில்தான் இருக்கிறது.

18 இன்ச்சில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அகலத்தில் 2560, உயரத்தில் 1600 புள்ளிகள் உள்ள திரையோடு வருகிறது. புள்ளிகளை எண்ணினால் சாதாரண ஃபுல் எச்டியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவ்வளவையும் வரைய அதற்கேற்ற சிப் வேண்டும். அந்தச் சிப் உள்ள மாடலின் விலை, மாமா ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தைத் தாண்டி எங்கேயோ போகிறது. ரேமையும், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியையும் பெரும்பாலான மாடல்களில் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். கிராபிக்ஸ் சிப் போர்டோடு பற்றவைத்தது, வாங்கும் நாளில் எதுவோ கடைசி வரை அதுவேதான்.

அதனால் நான் சொல்வது இதுதான். 15.6 அல்லது 16 இன்ச், 2.3 கிலோவுக்குள், கிராபிக்ஸ் சிப் எத்தனை வாட்ஸ் என்று கேட்டு வாங்கட்டும். மிச்சப் பணத்தில் பத்தாயிரத்தைச் சுற்றி ஒரு 24 இன்ச் மானிட்டர் வாங்கி அவன் மேசையில் வைக்கட்டும். ராத்திரி ஆடுவதற்கு அது 18 இன்ச்சைவிடப் பெரியது, காலையில் தோளில் ஏறாது. விடுதியில் தங்கிப் படிப்பவன் என்றாலோ, என்னைப் போல வாரம் ஒரு முறை மட்டும் இடம் மாறுபவன் என்றாலோ, நானே 18 இன்ச் வாங்கு என்று சொல்லியிருப்பேன்.

இவ்வளவு எழுதினாலும் அவன் மனது ஆறாது என்று தெரியும். கிருஷ்ணகிரியில் நான் விசாரித்த கடைகளில் 18 இன்ச் காட்சிக்கே இல்லை, படத்தில் பார்த்துத்தான் ஆசைப்பட்டிருக்கிறான். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் யாராவது 18 இன்ச் வைத்திருந்தால் இன்பாக்ஸில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வரும் ஞாயிறு அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அரை மணி நேரம் அதில் ஆடிப் பார்க்கட்டும், பிறகு சார்ஜரோடு பையில் போட்டு உங்கள் தெருமுனை வரை ஒரு நடை தூக்கிக்கொண்டு போய் வரட்டும். அதற்கப்புறமும் அதுதான் வேண்டும் என்றால் மாமாவிடம் நானே பேசுகிறேன்.