இந்திய ரயில்களுக்கு மணி சொன்ன நகரம்

சென்னையின் ரயில் வரலாறு என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை கட்டடங்களும் நீராவி என்ஜின்களும்தான். ராயபுரம் நிலையத்தின் தூண்கள், சென்ட்ரலின் மணிக்கூண்டு, 1908-இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்தின் கவிமாடங்கள் ஆகியவற்றைப் பற்றி எழுதியும் படம் எடுத்தும் நாம் சலிப்பதில்லை. அவை அந்தப் பெருமைக்குத் தகுதியானவையே. ஆனால் ரயிலைப் பத்திரமாக ஊர் கொண்டு சேர்த்ததில் என்ஜினுக்கு இருந்த பங்கு, தண்டவாளத்தை ஒட்டியே கம்பம் கம்பமாகச் சென்ற தந்திக் கம்பிக்கும், அதன் இரு முனைகளிலும் இரவு பகலாக விழித்திருந்த ஊழியர்களுக்கும் உண்டு. வரலாற்றின் அந்தப் பாதியை நாம் ஏறக்குறைய கைவிட்டுவிட்டோம் என்பது என் வருத்தம். அதை மீட்டுப் பாதுகாக்கும் கடமை வேறெந்த நகரத்தையும்விடச் சென்னைக்கே அதிகம் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

செங்குன்றத்திலிருந்து சாலை போடுவதற்கான கற்களைச் சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொண்டு வர 1837-இல் ஓர் இருப்புப்பாதை போடப்பட்டது. இந்தியாவின் முதல் ரயில் பாதை அதுவே. அது சரக்குக்கான பாதை. பயணிகளை ஏற்றிக்கொண்டு ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1856 ஜூலை 1 அன்று. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1855 பிப்ரவரியில், கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களை இணைத்த தந்தித் தடம் பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. மருத்துவரும் வேதியியல் அறிஞருமான வில்லியம் ஓஷாக்னசி என்பவரின் மேற்பார்வையில் அமைந்த தடம் அது. ஆக, தென்னிந்தியாவின் முதல் பயணி வண்டியில் ஏறி உட்காருவதற்கு முன்பே செய்தி பயணம் செய்யத் தொடங்கிவிட்டது.

இந்த இரண்டும் சேர்ந்தபோது எழுந்த முதல் சிக்கல், மணி என்ன என்பதுதான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தையே நண்பகலாகக் கொண்டது. சென்னையில் பன்னிரண்டு மணி அடிக்கும்போது பம்பாய்க் கடிகாரம் ஏறத்தாழ பதினொன்றரையைக் காட்டும். கல்கத்தாக் கடிகாரம் பன்னிரண்டரையைத் தாண்டியிருக்கும். மாட்டு வண்டியில் போனவருக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக வடமேற்கே நீண்ட பாதையும் பம்பாயிலிருந்து வந்த பாதையும் 1871-இல் ராய்ச்சூரில் சந்தித்தபோது, இரு கம்பெனிகளின் வண்டிகளும் எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாமல் போயிற்று. ஒற்றைத் தடத்தில் எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் இரு வேறு மணிக் கணக்கில் ஓடினால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அப்போது இந்திய ரயில்களுக்குப் பொதுவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது சென்னை நேரம். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறத்தாழ நடுவில் அமைந்த தீர்க்கரேகை என்பது அதற்கு ஒரு காரணம். அந்த நேரத்தைத் துல்லியமாகக் கணிக்க ஒரு வானியல் ஆய்வகம் இங்கே ஏற்கெனவே இயங்கி வந்தது என்பது மற்றொரு காரணம். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய ஆய்வகம் அது. அங்கே பணியாற்றிய ஜான் கோல்டிங்ஹாம், சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து, 1802-இல் சென்னை நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது என்று வரையறுத்தார். பிற்காலத்தில் 1861 முதல் 1891 வரை நார்மன் போக்சன் அரசு வானியலாளராக அங்கே பொறுப்பில் இருந்தார். அவருடன் பணிபுரிந்த ரகுநாதாச்சாரி, ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867-இல் அதே ஆய்வகத்தில் கண்டறிந்தவர். இப்படிப்பட்டவர்கள் இரவில் விண்மீன்களின் நகர்வை நோக்கிக் கணக்கிட்டுத் திருத்திய கடிகாரத்திலிருந்து, நாள்தோறும் மாலை 4 மணிக்கு நாடு முழுவதும் உள்ள தந்தி அலுவலகங்களுக்குச் சைகை சென்றது. பெஷாவர்ப் பக்கத்து நிலையமானாலும் தூத்துக்குடி நிலையமானாலும் அங்கிருந்த ரயில் கடிகாரம் நுங்கம்பாக்கத்தின் வானத்தைப் பார்த்து ஓடியது. இதைவிடப் பெரிய ரயில் பெருமை இந்த நகரத்துக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஏற்பாடு எல்லோருக்கும் இனிக்கவில்லை. 1881-இல் பம்பாயில் அரசு அலுவல்களுக்கும் சென்னை நேரத்தைப் புகுத்த முயன்றபோது, அந்நகரத்தார் தங்கள் நேரத்தை விட்டுக்கொடுக்க மறுத்து, அம்முயற்சியைக் கைவிடச் செய்தார்கள். 1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபோது சென்னைக் கடிகாரங்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. ஆய்வகத்தின் வானியல் பணிகள் அதற்குள், 1899-இலேயே, கொடைக்கானலுக்குப் போய்விட்டன. முதல் தொலைநோக்கிக் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் மட்டும், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளுடன், நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் இன்றும் நிற்கிறது. அதே பெயர் கொண்ட ரயில் நிலையத்தில் நாள்தோறும் மின்சார ரயிலுக்காகக் காத்திருக்கும் நம்மில் எத்தனை பேர் அந்தத் தூணைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம்?

தந்தியின் தடயம் நம் பயணச் சீட்டிலும் இருக்கிறது. சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ்., எழும்பூருக்கு எம்.எஸ்., தஞ்சாவூருக்கு டி.ஜே., திருச்சிக்கு டி.பி.ஜே. என்று அச்சாகும் குறியீடுகள் தந்திக்காக ஏற்பட்டவை. நிலையத்தின் முழுப் பெயரையும், எழுத்துகளைக் குறுகிய, நீண்ட தட்டல்களாக அனுப்பும் மோர்ஸ் முறையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தால் நேரம் வீணாகும். இரண்டு மூன்று எழுத்துகள் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். 1996-இல் நகரத்தின் பெயர் சென்னை என்று மாறியது; சென்ட்ரலின் பெயரும் பின்னர் மாறியது. எம்.ஏ.எஸ். மாறவில்லை.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதிக்கு வருகிறேன். பெரம்பூர்ப் பகுதியில் ரயில்வேயில் பணியாற்றியவர்கள் இல்லாத தெரு குறைவு. எங்கள் தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரிடம் மீட்டர்கேஜ் என்ற குறுகிய பாதைக் காலத்து வேலையைப் பற்றிப் பல மாலைகளில் கேட்டு அறிந்திருக்கிறேன். ஒற்றைத் தடத்தில் ஒரு வண்டியை அனுப்புவதென்றால் முதலில் அடுத்த நிலையத்திடம் லைன் கிளியர், அதாவது தடம் காலியாக இருக்கிறது என்ற அனுமதி, வாங்க வேண்டும். முன்னே போன வண்டி முழுமையாக வந்து சேர்ந்துவிட்டது, கடைசிப் பெட்டியின் அடையாளத்தைக் கண்ணால் பார்த்தாயிற்று என்று உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த நிலையத்தார் அனுமதி தருவார். முற்காலத்தில் இந்த உரையாடல் முழுவதும் மோர்ஸ் தட்டலிலேயே நடந்தது. தட்டும் விதத்தைக் கேட்டே மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று சொல்லிவிடும் அளவுக்குக் காது பழகியவர்கள் தம் மூத்த தலைமுறையில் இருந்ததாக அவர் சொன்னார்.

பின்னர் வந்த நீல்ஸ் டோக்கன் கருவியை அவர் விவரித்தபோது அதன் எளிய அறிவுக்கூர்மையைக் கண்டு வியந்தேன். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் ஒன்றுக்கொன்று மின்கம்பியால் இணைந்த இரண்டு கருவிகள் இருக்கும். அவற்றுக்குள் கையில் அடங்கும் எஃகுப் பந்துகள் இருக்கும். மறுமுனையில் உள்ளவர் ஒத்துழைத்தால் மட்டுமே இந்த முனையில் ஒரு பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது இரண்டில் ஏதேனும் ஒரு கருவிக்குள் திரும்பப் போகும் வரை, எந்த முனையிலும் இன்னொரு பந்தை எடுக்க முடியாது. அந்தப் பந்தைத் தோல் பையில் இட்டுப் பெரிய வளையத்தில் கோத்து, தண்டவாளப் பிரிவுகளை மாற்றிவிடும் ஊழியரான பாயிண்ட்ஸ்மேன் நடைமேடையில் நின்று நீட்ட, ஓடும் என்ஜினிலிருந்து கரி அள்ளிப் போடும் பயர்மேன் கையை விட்டுக் கொத்தாக வாங்கிக்கொள்வார். பந்து கையில் இல்லாமல் டிரைவர் அந்தத் தடத்துக்குள் நுழையக் கூடாது. ஒரு தடத்துக்கு ஒரே பந்து வெளியே இருக்கும் என்பதால், ஒரே வண்டிதான் அதில் இருக்க முடியும். மழையிலும் இருட்டிலும், இரண்டு ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலேயே, ஆயிரக்கணக்கான உயிர்களுக்குப் பொறுப்பேற்றுக்கொண்ட முறை அது. அகலப்பாதையும் புதிய சிக்னல் அமைப்புகளும் வந்தபின் இந்தக் கருவிகள் ஒவ்வொரு தடமாக விடைபெற்றன. பாதுகாப்பு கூடியிருக்கிறது, அந்த மாற்றத்தை நான் குறை சொல்லவில்லை. பழைய கருவியோடு அதை இயக்கத் தெரிந்தவர்களின் அறிவும் பதிவில்லாமல் போவதைத்தான் ஏற்க முடியவில்லை.

தந்தி அலுவலகம் இல்லாத சிற்றூர்களில் ரயில் நிலையமே பொதுமக்களின் தந்தியையும் வாங்கி அனுப்பியது. 1870-இல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடிக் கம்பி போடப்பட்டு, அடுத்த ஆண்டு அது சிங்கப்பூர் வரை சென்றபின், மலேயாவுக்கும் இந்தக் கரைக்கும் இடையே செய்தி வந்து சேரக் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை மாறியது. 2013 ஜூலை 14 இரவோடு தந்திச் சேவை நாடு முழுவதும் முடிவுக்கு வந்தது.

இவையெல்லாம் வெள்ளையர் தம் ஆட்சிக்காக அமைத்தவை, அவற்றை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நோக்கம் அவர்களுடையதுதான், 1857 கிளர்ச்சியின்போது தந்தி யாருக்குப் பயன்பட்டது என்பதும் தெரிந்ததே. ஆனால் கம்பியின் முனையில் உட்கார்ந்து கண் விழித்தவர்களும், வளையத்தை நீட்டியவர்களும், கைகாட்டி விளக்குக்கு எண்ணெய் ஊற்ற ஏணியில் ஏறியவர்களும் நம் ஊர் மக்கள். நான் கேட்பது அவர்களுடைய உழைப்புக்கான பதிவு.

ராயபுரம் நிலையத்தில் ஓர் அறையை ரயில் தந்திக்கும் சிக்னலுக்கும் ஒதுக்க வேண்டும். அங்கே ஒரு ஜோடி டோக்கன் கருவிகளைக் கண்ணாடிக்குள் பூட்டி வைக்காமல், இரண்டு பிள்ளைகள் இரு முனைகளிலும் நின்று தாங்களே இயக்கிப் பார்க்கும் வகையில் வைக்க வேண்டும். ஒருவர் பந்தை எடுத்தபின் மற்றவர் எவ்வளவு முயன்றாலும் எடுக்க முடியாது என்பதை ஒரு முறை கையால் உணர்ந்த பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் சென்னை நேரத்தின் வரலாற்றைத் தமிழில் சொல்லும் ஒரு பலகையும், கருங்கல் தூணைப் பள்ளி மாணவர்கள் குறித்த நாள்களில் சென்று பார்க்க ஓர் ஏற்பாடும் வேண்டும். இவற்றில் எதற்கும் பெரும் செலவு பிடிக்காது.

அரசு செய்யும் வரை நாமே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஸ்டேஷன் மாஸ்டராக, தந்தி ஊழியராக, பாயிண்ட்ஸ்மேனாக, சிக்னல் அறையின் கேபின்மேனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் இருந்தால், அவர் பேசுவதை இந்த மாதத்துக்குள் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எந்தெந்த நிலையங்களில் பணியாற்றினார், மோர்ஸை யாரிடம் கற்றார், லைன் கிளியர் கிடைக்காமல் வண்டியை நிறுத்தி வைத்த இரவுகளில் என்ன செய்தார், புயல் நாள்களில் கம்பி அறுந்தால் அடுத்த நிலையத்துக்குச் செய்தியை எப்படிக் கொண்டு சேர்த்தார்கள் என்று கேளுங்கள். அவர் விரும்பினால் அந்தப் பதிவைப் பின்னூட்டத்தில் பகிருங்கள். நிலையம் வாரியாகத் தொகுத்து வைக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.