கொச்சியில் யூத இசை மாலை, கொச்சிப் பாட்டுதான் இல்லை

எந்த நிகழ்ச்சி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாளாக எல்லார் பக்கத்திலும் அதே படங்கள்தான். 'மூவாயிரம் ஆண்டு யூத இசை', உரையும் கச்சேரியும், அனுமதி இலவசம். இடம், பழைய யூதத் தெரு இருக்கிற மட்டாஞ்சேரியிலிருந்து நடந்தே போகிற தூரம். நாள், வெள்ளிக்கிழமை மாலை ஆறரை.

வெள்ளி மாலை! சூரியன் இறங்கும்போதே யூதர்களின் வாராந்திர ஓய்வுநாளான ஷபாத் தொடங்கிவிடும். அதை அனுசரிக்கிறவர் வண்டி ஏறமாட்டார், மைக்கைத் தொடமாட்டார், வாத்தியம் எடுக்கமாட்டார். 'அழைத்திருந்தோம், அந்தச் சமூகத்திலிருந்து யாரும் வரவில்லை' என்று நன்றியுரையில் வருத்தம் வேறு. ஏகாதசியன்று விருந்து வைத்துவிட்டு இலை காலியாகக் கிடக்கிறதே என்று வருந்துவார்களா?

சரி, கச்சேரிக்கு வருவோம். 'ஹாவா நாகிலா'வை வேதாகமக் காலத்துப் பாட்டு என்று அறிமுகம் செய்தார்கள். அது இன்றைய உக்ரைனில் இருக்கிற சடிகுரா என்ற ஊரின் ஹசீதியர்கள், அதாவது யூத பக்தி இயக்கத்தார், சொல் இல்லாமல் பாடிய மெட்டு. இடெல்சோன் என்ற ஆய்வாளர் அதை எழுதி வைத்தார். முதல் உலகப்போர் முடிகிற சமயத்தில் எருசலேமில் அதற்கு வார்த்தை ஏறியது. வயது நூறுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அடுத்து செல்லோவில் 'கோல் நித்ரே'. மாக்ஸ் புரூக் எழுதியது, 1881-இல் அச்சானது, அவர் புராட்டஸ்டண்டுக்காரர். அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? மூல வாசகம் யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில் சபை நின்றபடி கேட்கிற அரமேய மொழிச் சட்ட வாசகம். இங்கே முடிந்ததும் விசில்.

கேட்பவர்களைக் குறை சொல்லவில்லை. யார் சொன்னார்கள் அவர்களுக்கு? எந்த ஊர், எந்த மொழி, எந்தச் சடங்கு. இந்த மூன்றைச் சொல்ல ஒரு பாட்டுக்கு ஒன்றரை நிமிடம் போதும். ஐம்பது நிமிடம் பேசியவர் இந்த மூன்றைத் தவிர எல்லாம் பேசினார்.

கிளாரினெட்காரர் நன்றாகவே வாசித்தார், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிளெஸ்மர் (கிழக்கு ஐரோப்பிய யூதக் கல்யாண இசை) மெட்டு நின்ற 'ஃப்ரெய்கிஷ்' என்னும் சுர அமைப்பு அப்படியே நம் வகுளாபரண ராகம் என்று ஒரு வரி சொல்லி, ச ரி க ம பாடிக் காட்டியிருந்தால் அரங்கமே நிமிர்ந்திருக்கும். ஆரோகணம் ஒன்றானாலும் கமகம் வேறு. சுரத்தின் முடிவில் தொண்டை அடைத்து விம்முவது போல ஒரு வெட்டு வரும், அதுதான் உயிர். மெதுவான ஹோரா என்ற நடன இசையில் மூன்றெண்ணிக்கையில் முதலும் மூன்றும் விழ வேண்டும், நடுவை வெறுமையாக விட வேண்டும். அப்போதுதான் அந்தத் தள்ளாடும் நடை வரும். கீபோர்டுக்காரர் நடுவையும் அக்கறையாக நிரப்பினார். கல்யாண ஊர்வலம் ஹோட்டல் வரவேற்பறை வால்ட்ஸ் ஆகிவிட்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கொச்சியில் நடத்திய யூத இசை மாலையில் கொச்சி யூதப் பெண்களின் பாட்டு ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட! பரவூர், சேந்தமங்கலம், மாளா என்று ஊர் ஊராகப் பெண்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கைமாற்றிய மலையாளப் பாட்டுகள். கல்யாணத்துக்கு, வேதாகமக் கதைக்கு, ஜெபாலயத்தைப் புகழ. மற்ற பல யூதச் சமூகங்களில் ஆண்கள் முன்னால் பெண் பாடத் தடை இருந்தபோது இங்கே பாடினார்கள். அதுவே ஒரு மாலைக்கான உரை. கஷ்டமும் உண்டு. நோட்டில் வார்த்தை மட்டுமே இருக்கும், மெட்டு இருக்காது. ஒரே பாட்டு நோட்டுக்கு நோட்டு மாறும். பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டதால், அங்கே மூத்த பெண்களிடம் பதிவு செய்த ஒலிகளைக் கேட்டுத்தான் மெட்டுப் பிடிக்க வேண்டும். முடியாத வேலை இல்லை. இரண்டு பாட்டு, பத்து நாள் ஒத்திகை, வரியும் பொருளும் அச்சடித்த ஒரு தாள்.

இதையெல்லாம் சொன்னால் பதில்கள் வருகின்றன. 'இசைக்கு மொழி ஏது சார்' என்று ஒருவர். மொழி இல்லாவிட்டால் நோட்டீஸில் 'யூத' என்று ஏன் போட்டீர்கள்?

'இலவசமாக நடத்துகிறவர்களைக் கிண்டலா?' இலவசம் என்றால் தப்பும் இலவசமா?

'நீங்கள் என்ன யூதரா?' இல்லை. போலந்தின் கிராகோவ் நகரில் 1988 முதல் நடக்கிற யூதப் பண்பாட்டு விழாவைத் தொடங்கிய இருவரும் யூதர் அல்லர். உரை, பயிலரங்கு, தெருநடை, கச்சேரி எல்லாம் அங்கே உண்டு. பிறப்பு வேண்டாம், வீட்டுப்பாடம் வேண்டும்.

'இந்த நேரத்தில் யூத இசை தேவையா?' காஸாவைப் பார்த்து எனக்கும் தூக்கம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன். 1932-இல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு நடந்தபோது ஈராக்கிலிருந்து போன குழுவில் பாடகர் அல் குபாஞ்சி முஸ்லிம், வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் யூதர்கள். அந்தப் பதிவுகளைக் கேட்டு எது யூதம் எது அரபு என்று பிரித்துக் காட்டட்டும் யாராவது. முஸ்லிமும் யூதரும் சேர்ந்து இசைத்த அந்த உலகம் இருபது வருடத்துக்குள் கலைந்துபோனது. அதையும் மேடையில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கைதட்டல் குறைந்திருக்கும்.

நிகழ்ச்சிப் பக்கத்தில் இவ்வளவு காரமில்லாமல் நான்கு வரி மட்டும் எழுதினேன். நீக்கிவிட்டார்கள். அதற்குக் கீழே இரண்டாம் பாகத்தின் நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். தேதியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை.