காற்றாலை நாளுக்கு 48,000 யூனிட் தருமா?

“2 மெகாவாட் காற்றாலை ஒன்றைத் தனுஷ்கோடியில் நட்டால் தினமும் 48,000 யூனிட் கிடைக்கும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு சுற்றுகிறது. இது தவறு. 2,000 கிலோவாட்டை 24 மணியால் பெருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

2 மெகாவாட் என்பது அந்த இயந்திரத்தின் உச்சத் திறன். நொடிக்கு 12 மீட்டர் அளவில் காற்று வீசினால்தான் அதை எட்டும். வேகம் 6 மீட்டராகக் குறைந்தால் காற்றின் ஆற்றல் பாதியாக அல்ல, எட்டில் ஒன்றாகச் சுருங்கும். கணக்குப் போட்டவர்கள் சறுக்கியது இங்கேதான். 3, 4 மீட்டர் வேகத்தில் இறக்கை சுழல்வது கண்ணுக்குத் தெரியும், மின்சாரமோ சொற்பம். 25 மீட்டரைத் தாண்டினால் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்.

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓங்கும் ஜூன், ஜூலையில் உற்பத்தி ஏறும். பருவம் மாறும் அக்டோபரில் காற்று ஓய்ந்தால் நாள்கணக்கில் படுத்துவிடும். கடலோரத்தில் இன்னொரு தொல்லை: இறக்கையின் முன்விளிம்பில் உப்பு படிந்து சொரசொரப்பானால் அதே காற்றிலும் விளைச்சல் குறையும்.

நல்ல இடத்தில் ஆண்டுச் சராசரி உச்சத் திறனில் 25 முதல் 30 சதவீதம். அதாவது நாளுக்குச் சுமார் 12,000 முதல் 14,400 யூனிட். வீட்டுக்கு மாதம் 200 யூனிட் என்றால், குறைந்த கணக்கிலேயே 1,800 வீடுகளுக்கு ஈடான மின்சாரம். ஊதிப் பெருக்காமலே இது பெரிய அளவுதான்.