பர்மாவிலிருந்து எல்லோரும் கப்பலில் வந்துவிடவில்லை

காரைக்குடி, தேவகோட்டை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "ஜப்பான்காரன் ரங்கூன் துறைமுகத்தில் மட்டும்தான் குண்டு போட்டான்; நம்மவர்கள் எல்லோரும் பத்திரமாகக் கப்பலேறி ஊர் திரும்பினார்கள்." இது தவறு.

இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பர் 23 அன்று, குண்டுகள் ரங்கூன் நகருக்குள்ளும் விழுந்தன. விமானச் சண்டையை முன்பின் பார்த்திராத ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்; நின்ற இடத்திலேயே செத்தார்கள். அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலி. போர்முனை வேறு, கடைத்தெரு வேறு என்ற பிரிவை விமானம் அழித்துவிட்டது.

கப்பலில் வந்தவர்கள் உண்டு, சரி. ஆனால் 1942 மார்ச் 8-இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்தத் துறைமுகம் அடைபட்டது. அதற்கு முன்னும் பின்னுமாக லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே வந்தார்கள்: சிலர் பர்மாவின் மேற்கே உள்ள அரக்கான் மலைகளைத் தாண்டி, சிலர் எல்லையூரான தாமு வழியாக மணிப்பூருக்கு. வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது குண்டல்ல. காலரா, மலேரியா, பட்டினி.

டிக்கெட் வாங்க வழியில்லாத கூலித் தொழிலாளர்கள்தான் அந்த நடையில் அதிகம். 'நம்மவர்கள்' கணக்கில் அவர்களைச் சேர்க்காமல் விட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.