தட்டுகள் ஏன் வெடித்தன

அமெரிக்கப் பெண்ணியக் கலைஞர் ஜூடி சிகாகோவின் 'டின்னர் பார்ட்டி' (1974–79), வரலாற்றுப் பெண்களுக்காக ஒரு மேசையில் காலவரிசைப்படி இடம் போட்டு, ஆளுக்கொரு பீங்கான் தட்டு வைத்த கலைப்படைப்பு. அதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அந்தத் தட்டுகளை ஒரே வரியில் கடந்துவிட்டது. உழைப்பெல்லாம் அங்கேதான். மொத்தம் 39 தட்டுகள், ஒவ்வொன்றும் 14 அங்குல விட்டம். வரிசையில் முதலில் வருபவை தட்டையானவை. பிற்காலப் பெண்களை நெருங்க நெருங்க வடிவம் புடைத்து எழும். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு என்றால் களிமண் ஒரே சீராகக் காயாது. ஓரம் முந்திச் சுருங்கும், நடு இழுத்துப் பிடிக்கும், விரிசல் விழும். அதைத் தாண்டினாலும், மெருகின் மேல் பூசும் வண்ணத்துக்காகத் திரும்பத் திரும்பச் சூளையேற்ற வேண்டும். சூட்டை அவசரமாக ஏற்றினால் தடித்த இடம் வெடிக்கும்.

சிகாகோவின் கற்பித்தலிலும் இதே கைவேலைப் பிடிவாதம்தான். 1970இல் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் 15 மாணவிகளைக் கல்லூரி வளாகத்துக்கு வெளியே கூட்டிப்போய், பட்டறையை அவர்களையே செப்பனிட வைத்தார். கலைஞர் மிரியம் ஷாப்பிரோவுடன் மாணவிகளைக் கொண்டு நடத்திய 'வுமன்ஹவுஸ்' (1972) கண்காட்சிக்கு இடம், 17 அறைகள் கொண்ட பாழடைந்த வீடு. கலைக்கு முன் கண்ணாடி மாட்டுவதும் சுவர் பூசுவதும் நடந்தன. ரம்பம் பிடிக்கப் பழகாத மாணவி பெரிய அளவில் யோசிக்கவே தயங்குவாள் என்பது அதன் கணக்கு. (அவரே 1964இல் கார் பட்டறைப் பள்ளியில் வண்ணம் தெளிக்கக் கற்றவர்.)

அவர் வகுப்பில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் முறைவைத்துப் பேசும் வழக்கத்தையும் கட்டுரை விட்டுவிட்டது. வாயாடிகள் மட்டுமே வகுப்பை நடத்தாமல் தடுத்தது அதுதான். ஆனால் 'டின்னர் பார்ட்டி'க்கு நூற்றுக்கணக்கானோர் உழைத்தார்கள், பலர் சம்பளமில்லாமல். அதைக் குறைசொல்லும் விமர்சனம் நியாயமானதே.