முதலில் மேட், அப்புறம்தான் கேம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், என் மகள் டான்ஸ் மேட்டிலிருந்து (திரையில் வரும் அம்புகளுக்கு ஏற்பக் காலால் மிதித்து ஆடும் கேமுக்கான விரிப்பு அது) இறங்கி வந்து "எனக்குத் தாளமே வரலப்பா" என்று சொல்லிவிட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். நான்கு வருஷமாகப் பரதம் கற்கிறாள். மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், தட்டடவு போடுகிற பிள்ளை. அவளுக்கா தாளம் வராது?

மறுபடி ஏறி நிற்கச் சொல்லிவிட்டு, நான் மேட்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அவள் காலைக் கவனித்தேன். திரையில் வலது அம்பு ஏறி வந்து கோட்டைத் தொடுகிறது. அதே நேரம் அவள் வலது காலும் இறங்குகிறது. திரையோ ‘மிஸ்’ என்கிறது. அடுத்த அம்பு, மறுபடியும் மிஸ். அவள் பாதம் விழுந்த இடம் அம்புப் படத்தின் வெளி ஓரம். பாட்டை நிறுத்திவிட்டு அந்தக் கட்டம் முழுவதையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனேன். நடுவில் ஒரு எலுமிச்சம்பழ அளவு இடத்துக்குத்தான் உயிர் இருந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் பிளாஸ்டிக் துணி.

ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அந்த மேட் பத்து நாளாக என் பிள்ளையிடம் "நீ தப்பு, நீ தப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவளும் அதை நம்பிவிட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. சென்னையிலிருந்து மச்சான் போன் செய்து, "பசங்களுக்கு வீட்டில் ஆட ஒரு கேம் வாங்கணும், எது நல்ல கேம்?" என்று கேட்டபோது நான் திருப்பிக் கேட்ட கேள்வி, "எந்த மேட் வாங்கப் போறீங்க?" என்பதுதான். ஏன் அப்படிக் கேட்டேன் என்று அவருக்குப் போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். 2005இல் நியூ ஜெர்சியில் வேலையில் இருந்தபோது, அறைத் தோழர் வைத்திருந்த பிளேஸ்டேஷன் 2இல்தான் முதலில் ஆடினேன். ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’, சுருக்கமாக டிடிஆர். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998இல் கேம் கூடங்களில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரமாகக் கொண்டுவந்தது, 1999இல் பிளேஸ்டேஷன் வழியாக வீட்டுக்கும் வந்துவிட்டது. இடது, கீழ், மேல், வலது என்று நான்கு அம்புகள். திரையில் அம்பு கோட்டைத் தொடும்போது காலடியில் இருக்கும் அதே அம்பை மிதிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆடிப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் சட்டை நனைந்துவிடும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம் இதைத் தன் பள்ளிகளின் உடற்பயிற்சி வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்தது. பந்து விளையாட்டில் ஒதுங்கி நிற்கிற பிள்ளைகள்கூட இதில் ஏறி ஆடுவார்கள் என்பது நானே கண்ணால் பார்த்தது.

சரி, மேட்டுக்கு வருகிறேன். மடிக்கிற மெல்லிய மேட்டுக்குள் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மின்சாரம் கடத்தும் பூச்சு பூசிய இரண்டு தாள்கள் இருக்கும், நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு ஸ்பாஞ்ச் இருக்கும். மிதித்தால் அந்த ஓட்டை வழியாக மேல் தாளும் கீழ்த் தாளும் தொடும், அம்பு பதிவாகும். பூச்சு எவ்வளவு இடத்துக்கு இருக்கிறதோ அவ்வளவு இடத்துக்குத்தான் மேட்டுக்கு உணர்வு. விலை குறையக் குறைய அந்த இடமும் சுருங்கிக்கொண்டே போகும். இதை நான்காக எட்டாக மடித்து அலமாரியில் வைத்தால், மடித்த கோட்டில் பூச்சு விரிசல் விட்டு ஒரு அம்பு செத்துப்போகும். நம் வீடுகளில் மேட் சாவது பெரும்பாலும் இப்படித்தான். விரித்தபடி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள், முடியாவிட்டால் தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.

வாங்கி வந்ததும் பாட்டுப் போடாதீர்கள். முதலில் ஒவ்வொரு அம்பையும் நடுவிலும் நான்கு மூலையிலும் வெறும் காலால் மெதுவாக மிதித்துப் பாருங்கள். அப்புறம் இடதையும் வலதையும் சேர்த்து மிதியுங்கள், மேலையும் கீழையும் சேர்த்து மிதியுங்கள். காலை எடுத்த பிறகும் அழுந்தியபடியே நிற்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. இதில் ஒன்று தவறினாலும் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். பழகினால் சரியாகிவிடும் என்று மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பழகப் போவது பிள்ளையின் கால், அது தப்பாகப் பழகும்.

மெல்லிய மேட்டுக்கு அடுத்த படி, உள்ளே ஓர் அங்குலக் கனத்துக்குக் கெட்டியான ஃபோம் வைத்து ஜிப் போட்ட மேட். ரெட்ஆக்டேன் என்ற அமெரிக்க நிறுவனம் அந்தக் காலத்தில் விற்றது இந்த வகைதான் (கிடார் ஹீரோ விளையாட்டைக் கொண்டுவந்ததும் அவர்களே). காலுக்குக் கீழே அம்பின் விளிம்பு தட்டுப்படும், அதனால் குனிந்து பார்க்காமலேயே எங்கே நிற்கிறோம் என்று தெரியும். என் வாக்கு இதற்குத்தான். அதற்கும் மேலே உலோகத் தகடு வைத்த மேட்கள் இருக்கின்றன. அன்றைக்கு கோபால்ட் ஃபிளக்ஸ் என்றால் ஆட்டக்காரர்களுக்குக் கனவு, இன்று அந்த நிறுவனம் இல்லை. இப்போது போலந்தின் எல்-டெக் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல பொருள். ஆனால் கப்பல் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் நம்மை ஒரு கை பார்த்துவிடும். ஒரு வருஷம் விடாமல் ஆடிய பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அப்போது அதை யோசியுங்கள்.

மேட்டைவிட முக்கியமான ஒரு பொருள் மரக்கடையில் கிடைக்கிறது. நம் வீட்டில் டைல்ஸ், இல்லையென்றால் கிரானைட். மெல்லிய மேட் அதன்மேல் எண்ணெய்க் கல்லில் தோசை மாதிரி வழுக்கிக்கொண்டே போகும். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் பிள்ளை டிவிக்கு ஓரமாகப் போய் நிற்கும், விழவும் வாய்ப்பு உண்டு. நான் செய்தது இதுதான்: 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை, மேட்டைவிட நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி வாங்கினேன். ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பலகைக்கு அடியில் பழைய யோகா மேட்டை ஒட்டினேன். மேலே டான்ஸ் மேட்டை இழுத்து விறைப்பாக்கி, ஓரம் முழுக்க அகலமான துணி டேப் ஒட்டினேன். வழுக்குவதும் நின்றது, துணி சுருங்குவதும் நின்றது. முட்டிக்கும் நல்லது, கீழ் வீட்டுக்கும் நல்லது. நியூ ஜெர்சியில் எங்கள் கீழ் வீட்டுப் பெரியவர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார். அவர் செய்ததில் தப்பே இல்லை. மாடி வீட்டில் இருப்பவர்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆடாதீர்கள்.

இனி கேம். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இன்று கடையில் டான்ஸ் கேம் என்று கேட்டால் கையில் கொடுப்பது யூபிசாஃப்ட்டின் ‘ஜஸ்ட் டான்ஸ்’. 2009இல் நின்டெண்டோவின் வீ கன்சோலில் தொடங்கியது. வீட்டுக்கு நாலு பேர் வந்திருக்கும் நாளில் அதைப்போல ஒன்று இல்லை. பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் சேர்ந்து ஆடலாம், அதில் எனக்குக் குறையே கிடையாது. ஆனால் அது பெரும்பாலும் கவனிப்பது கையில் பிடித்திருக்கும் ரிமோட்டையோ போனையோதான். அப்படி ஆடும்போது கால் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சோபாவில் உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டினாலும் மதிப்பெண் வரும். பிள்ளையின் கால் தாளத்தில் விழ வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு அது போதாது.

கால் கேம் என்றால் டிடிஆர் வகைதான். புது கன்சோல்களில் இது கிடைக்காது என்பதுதான் சோகம். கொனாமி பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, வீ காலத்தோடு வீட்டுப் பதிப்புகளைக் கிட்டத்தட்ட நிறுத்திக்கொண்டது. எனவே பழைய பிளேஸ்டேஷன் 2 தேட வேண்டும், இல்லை கணினிக்குப் போக வேண்டும். பிஎஸ்2 பதிப்புகளில் டிரெயினிங் மோட் உண்டு, பாட்டை மெதுவாக்கி ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஆடலாம். புதிதாகக் கற்கிறவர்களுக்கு அது பெரிய வரம். வாங்கும்போது டிஸ்க் எந்த வட்டாரத்து நாடுகளுக்கானது என்று பாருங்கள். அமெரிக்க டிஸ்க் இந்தியாவில் விற்ற பிஎஸ்2இல் ஓடாது. இங்கே பொருந்துவது ஐரோப்பியப் பதிப்பு, அதன் பெயரே வேறு: ‘டான்சிங் ஸ்டேஜ்’. அமெரிக்காவிலிருந்து பழைய பெரிய பிஎஸ்2 கொண்டுவந்தவர்கள் அதன் பின்புறம் 120 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் நம் பிளக்கில் செருகிவிடாதீர்கள். வீ வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வீக்கு வந்த டிடிஆர் பதிப்பான ‘ஹாட்டஸ்ட் பார்ட்டி’யின் மேட் செருகுவது, நின்டெண்டோவின் பழைய கன்சோலான கேம்கியூபுக்கு உரிய துளையில். 2011க்குப் பிறகு வந்த வீயில் அந்தத் துளையே கிடையாது.

கொரியாவின் ஆண்டமிரோ செய்யும் ‘பம்ப் இட் அப்’பை நீங்கள் ஏதாவது கேம் சோனில் பார்த்திருக்கலாம். அதற்கு நான்கு மூலையும் நடுவும் சேர்ந்து ஐந்து கட்டம், அதனால் அதன் மேட்டும் வேறு.

என் வீட்டில் இப்போது ஓடுவது ஸ்டெப்மேனியா. 2001 முதல் இருக்கிற இலவச, திறந்த மூல மென்பொருள். ‘இன் த குரூவ்’ என்ற ஆர்கேட் விளையாட்டே இதன்மேல் கட்டியதுதான். சாதாரண லேப்டாப் போதும், எந்தப் பாட்டுக்கும் எந்த அம்பு எப்போது வர வேண்டும் என்று நாமே எழுதிக்கொள்ளலாம். யூஎஸ்பி மேட் வாங்கினால் நேராகச் செருகலாம். பழைய பிஎஸ்2 மேட்டை அடாப்டர் போட்டு இணைக்கிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். மலிவான அடாப்டர்கள் நான்கு அம்பையும் ஒரு ஜாய்ஸ்டிக்காக எடுத்துக்கொள்ளும். ஜாய்ஸ்டிக் ஒரே நேரத்தில் இடமும் வலமும் சாய முடியுமா? முடியாது. ஆகவே இரண்டையும் சேர்த்துக் குதித்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒன்றுமே பதிவாகாது. அம்புகளைத் தனித்தனி பட்டன்களாக அனுப்புகிற அடாப்டரா என்று கேட்டு வாங்குங்கள்.

டிவியும் பொய் சொல்லும். பழைய டியூப் டிவியில் இந்தத் தொல்லை கிடையாது. இப்போதைய டிவிகள் படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குள் அம்பு ஒரு கணம் பின்தங்கிவிடுகிறது. இந்த ஆட்டத்தில் உயர்ந்த மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான், அதில் டிவியே பாதிக்கு மேல் தின்றால் பிள்ளை என்ன செய்யும்? டிவி செட்டிங்கில் கேம் மோடைப் போடுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், வயர்தான். வேண்டுமென்றே ஒரு மயிரிழை முன்கூட்டி மிதித்துப் பாருங்கள். எல்லா அடிக்கும் மதிப்பெண் ஏறினால் தாமதம் டிவியில் இருக்கிறது. ஸ்டெப்மேனியாவில் இந்தத் தாமதத்தை எண் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

பரதம் கற்கிற பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. தட்டடவில் பாதம் ஓசை எழத் தட்ட வேண்டும். மேட்டில் அப்படித் தட்டினால் மேட்டும் போகும், முட்டியும் போகும். இங்கே அழுத்தினால் போதும். இன்னொன்று, ஒவ்வொரு அடிக்கும் நடுக்கட்டத்துக்குத் திரும்பி வரக் கூடாது. கால் அம்பின்மேலேயே இருக்கட்டும், அடுத்த அடிக்கு மற்றக் கால் போகட்டும். என் மகள் இதைப் பிடித்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது. அம்புகள் நெருக்கமாக வந்து குழப்பினால் வேகத்தை 1.5 அல்லது 2 மடங்காக வையுங்கள். பாட்டின் வேகம் அதிகமாகாது, அம்புகளுக்கு நடுவில் இடைவெளிதான் கூடும், கண்ணுக்கு நிம்மதியாக இருக்கும்.

புது ஃபோம் மேட் வந்து பலகையில் ஒட்டிய அன்று, ஸ்டெப்மேனியாவில் அவளுக்காக ஒரு சின்ன ஜதி எழுதினேன். ஒரு தட்டுக்கு ஒரு அம்பு என்றால் முதல் காலம், இரண்டு என்றால் இரண்டாம் காலம், நான்கு என்றால் தகதிமி. அம்புகளின் நிறமும் அதற்கேற்ப மாறும்படி அதில் வசதி உண்டு. ஒரு தட்டை மூன்றாகப் பிரித்துத் தகிட என்று திஸ்ரமும் வைத்தேன். முதல் தடவை திஸ்ரத்தில் மட்டும் இரண்டு இடம் தவறியது. திரும்ப ஆடினாள். வாய்க்குள்ளேயே தகிட தகிட என்று சொல்லிக்கொண்டு ஆடினாள், ஒன்றுகூட விடவில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்து, "அப்போ அந்த மேட்தான் தப்பாப்பா?" என்றாள். ஆமாம் கண்ணு என்றேன்.

மச்சான், உங்கள் ஹாலில் டிவிக்கு முன்னால் ஆறடி இடம் இருக்கிறதா என்று மட்டும் அளந்து சொல்லுங்கள். லேப்டாப் ஏற்கெனவே இருக்கிறது, ஸ்டெப்மேனியாவுக்குக் காசு இல்லை. ஃபோம் மேட் ஒன்று, பலகை ஒன்று, ஒரு சுருள் டேப். அடுத்த மாதம் வரும்போது பலகையை நானே வெட்டிக் கொண்டுவருகிறேன்.